எழுபது நாள் விடுமுறை

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. நானும் சுண்டெலியும் சுகம். உன் வயிற்றுத் தையல் இப்போதாவது முழுதும் ஆறிவிட்டதா? குனிந்து நிமிர முடிகிறதா? மாமாவின் முதுகுவலி எப்படி இருக்கிறது?

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். இருபத்தோராம் தேதியிலிருந்து சுண்டெலிக்குப் பள்ளி லீவு. திறப்பது ஜூன் முப்பது. நாட்காட்டியில் விரல் வைத்து எண்ணிப் பார்த்தேன், சரியாக எழுபது நாள். எனக்குக் கம்பெனியில் வருஷத்துக்கு எட்டு நாள் லீவு. எழுபதில் எட்டைக் கழித்தால் என்ன மிஞ்சும் என்று எட்டு வயதுப் பிள்ளைக்கே தெரியும், பள்ளிக்கூடத்துக்குத்தான் தெரியவில்லை.

என் ஷிஃப்ட் காலை ஆறு மணிக்கு. மருந்துப் புட்டிகளை ஒவ்வொன்றாக விளக்குக்கு முன்னால் தூக்கிப் பிடித்து, உள்ளே தூசியோ முடியோ கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐந்து நிமிஷம் எழுந்து போனால் சூப்பர்வைசர் வந்து நிற்பார். வேலையை விட்டால் கம்பெனி கொடுத்த இந்த வீட்டையும் விட வேண்டும்.

சுண்டெலியின் அப்பா போன பிறகு இது மூன்றாவது கோடை. முதல் வருஷம் கீழ்வீட்டு டீச்சர் பார்த்துக்கொண்டார். அவர் ஊர் மாறிப் போய்விட்டார். போன வருஷம் நீ ஆஸ்பத்திரியில் கிடந்தாய், கேட்க மனசு வரவில்லை. ஏதோ சமாளித்தேன்.

இந்த வருஷம் என்னால் முடியாது அக்கா. எழுபது நாளும் அவளை உன்னோடு வைத்துக்கொள்வாயா? உனக்கு இது பள்ளிச் சீருடை தைக்கிற சீசன் என்று தெரியும். அவளால் ஒரு தொந்தரவும் இருக்காது. ஒரு மூலையில் உட்கார் என்றால் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பாள்.

பதிலை எதிர்பார்த்து,
உன் தங்கை

ஏப்ரல் 11

அன்புள்ள தங்கைக்கு,

அக்காவின் ஆசிகள். தையல் ஆறிவிட்டது. நான் போட்ட தையலாக இருந்தால் இன்னும் கொஞ்சம் நேராக இருந்திருக்கும் என்று டாக்டரிடமே சொல்லிவிட்டேன். மாமா முதுகைப் பிடித்துக்கொண்டே படகுத்துறையில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கிறார்.

இதைக் கேட்கவா இத்தனை தயக்கம்? "எழுபது நாள் போதுமான்னு கேளு" என்கிறார் மாமா. இந்த வீட்டில் மிஷின் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது! முந்நூறு சீருடை தைக்க வேண்டும்தான். பொத்தான் எடுத்துக் கொடுக்க ஆள் கிடைத்தது என்று நினைத்துக்கொள்கிறேன். மாமாவே நேரில் வந்து கூட்டி வருவார்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். போன வருஷம் எப்படிச் சமாளித்தாய்? நீ எழுதவே இல்லையே.

அன்புடன்,
அக்கா

மே 5

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே மூவரும் சுகம். உன் கண் எரிச்சல் எப்படி? வேலை முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் முகத்தைக் கழுவு.

சுண்டெலி நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகப் பேசுகிறாள். மாமாவோடு படகில் போய் வந்த கதையை நாலு தடவை சொல்லிவிட்டாள். ஒவ்வொரு தடவையும் அலை கொஞ்சம் உயர்ந்துகொண்டே போகிறது.

ஆனால் ஒரு விஷயம். காற்று வரட்டும் என்று வாசல் கதவைத் திறந்து வைப்பேன். நான் திரும்புவதற்குள் போய்ச் சாத்திவிட்டு வந்துவிடுகிறாள். போன வாரம் துணி கொடுக்க வந்த அம்மா ஒருத்தர் கதவைத் தட்டினார். பிள்ளையைக் காணோம். தேடினால், கட்டிலுக்கு அடியில் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு கிடக்கிறாள். "என்னடி இது?" என்றேன். "சத்தம் கேட்டா உள்ளே ஆள் இருக்குன்னு தெரிஞ்சிடும் பெரியம்மா" என்றாள்.

இடது முழங்கைக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குத் தழும்பு இருக்கிறது. எப்போது பட்டது? அவளைக் கேட்டால், "அம்மாவையே கேளுங்க" என்கிறாள். கேட்கிறேன், சொல்.

அன்புடன்,
அக்கா

மே 13

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீயும் மாமாவும் சுகமாக இருப்பது கேட்டு சந்தோஷம்.

தழும்பு ஒன்றுமில்லை. வெந்நீர் கொட்டிவிட்டது, ஆறியும் போயிற்று. இந்தப் பக்கம் திருட்டுப் பயம் உண்டு, அதனால் கதவைச் சாத்தப் பழக்கியிருக்கிறேன். கட்டிலுக்கு அடியில் ஒளிவதெல்லாம் விளையாட்டு. அவளுக்குக் கற்பனை கொஞ்சம் அதிகம் என்று அவள் டீச்சரே சொல்வார். நீ ரொம்பத் துருவிக் கேட்காதே, இன்னும் கூட்டிச் சொல்வாள்.

இங்கே புதிதாகச் சின்னப் புட்டிகள் வந்திருக்கின்றன, சுண்டுவிரல் பருமன்தான் இருக்கும். கண் பிடுங்குகிறது. அவளைக் கணக்குப் போடச் சொல். வகுத்தலில் மீதியை எழுத மறந்துவிடுவாள்.

வேலைக்கு நேரமாகிறது.

தங்கை

ஜூன் 1

அன்புள்ள தங்கைக்கு,

நாங்கள் சுகம். நீ சுகம்தானே? மூன்று வாரமாக எழுத முடியவில்லை, தையல் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது.

இங்கே நூலகத்தில் சுண்டெலியை உறுப்பினராகச் சேர்க்கலாம் என்று பார்க்கிறேன். பிறப்புச் சான்றிதழ் நகல் வேண்டுமாம். தபாலில் அனுப்பி வை.

பள்ளி திறந்து ஒரு வாரம் பத்து நாள் கழித்து அவள் வந்தால் என்ன? முதல் வாரத்தில் பெரிதாக ஒன்றும் நடத்த மாட்டார்கள். யோசித்துப் பார்.

அக்கா

ஜூன் 9

அன்புள்ள அம்மா,

நான் நல்லா இருக்கேன். நீ நல்லா இருக்கியா? கண்ணு வலிக்குதா?

எனக்கு இப்ப சைக்கிள் ஓட்டத் தெரியும். நிறுத்தத்தான் தெரியாது. பெரியப்பா பின்னாடியே ஓடி வந்து பிடிப்பாரு. அவருக்கு முதுகு வலிச்சா நான் கீழே விழுந்துடுவேன்.

பெரியம்மா எனக்கு யூனிஃபார்ம் தைச்சாங்க. பச்சைக் கட்டம் போட்டது, ரெண்டு செட். நம்ம ஸ்கூல் நீலம்தானேன்னு கேட்டேன். இது இங்க இருக்கிற ஸ்கூலோடதுன்னு சொன்னாங்க. அந்த ஸ்கூல் பெரிய டீச்சர் என்னை வாசிக்கச் சொன்னாங்க. நான் தப்பில்லாம வாசிச்சேன். நாலாம் வகுப்புன்னு சொல்லிட்டாங்க.

நான் உன் மேல கோவமா இல்லை. அழவும் இல்லை. ஒரே ஒரு தடவைதான் அழுதேன். நம்ம வீட்டுல என் கலர் பென்சில் டப்பா இருக்கு. அதை யாருக்கும் குடுத்துடாதே.

பெரியப்பாகிட்ட ஸ்டாம்ப் வாங்கி நானே தபால் பெட்டியில போடப் போறேன்.

இப்படிக்கு,
சுண்டெலி

ஜூன் 13

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எனக்குக் கை வரவில்லை.

சுண்டெலியின் கடிதம் வந்தது. பச்சைக் கட்டம் போட்ட சீருடை என்று அவள் எழுதியிருந்ததைப் பத்துத் தடவை வாசித்தேன். ஏதாவது விளையாட்டாக இருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். நேற்று அவள் பள்ளி அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். "மாற்றுச் சான்றிதழ் கேட்டு வெளியூர் ஸ்கூல்லேர்ந்து கடிதம் வந்திருக்கும்மா. ஒரு வார்த்தை சொல்லாமலே போறீங்களே?" என்றார் குமாஸ்தா. எனக்குப் பின்னால் ஐந்தாறு பேர் வரிசையில் நின்றார்கள். "நாங்க எங்கேயும் போகலைங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நூலகத்துக்குத்தான் பிறப்புச் சான்றிதழா? நானும் அன்றைக்கே ஓடிப்போய் நகல் எடுத்து அனுப்பினேன், பிள்ளை புத்தகம் படிக்கப் போகிறாள் என்று!

பார்த்துக்கொள்ளத்தான் சொன்னேன் அக்கா. கொடுத்துவிடவில்லை. இருபத்தெட்டாம் தேதிக்குள் மாமா அவளைக் கொண்டுவந்து விட வேண்டும்.

தங்கை

ஜூன் 17

தங்கைக்கு,

நூலகம் என்று எழுதியது பொய்தான். நீ எழுதியதற்குப் பக்கத்தில் வைத்தால் அது ஒன்றுமே இல்லை.

மே மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் சுண்டெலி பொத்தான்களை நிறவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். "பூட்டின வீட்டுலகூட நான் பொத்தான் வெச்சு விளையாடுவேன் பெரியம்மா. சின்ன முள்ளு ரெண்டைத் தாண்டினா அம்மா வந்துடுவாங்க."

அறுபத்திரண்டு நாள். காலை ஐந்தே முக்காலிலிருந்து மத்தியானம் இரண்டரை வரை. வெளியே பூட்டு, உள்ளே ஏழு வயதுப் பிள்ளை. இதைத்தான் 'ஏதோ சமாளித்தேன்' என்று எழுதினாய்.

அந்த வெந்நீர் கொட்டியது எத்தனை மணிக்கு? நீ எழுதவில்லை, அவள் சொன்னாள். பத்து மணிக்கு. "நான் கத்தலை பெரியம்மா. கத்தக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க." நாலரை மணி நேரம் அந்தக் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். புட்டிக்குள் ஒட்டிக் கிடக்கிற முடி தெரிகிற கண்ணுக்கு, சொந்தப் பிள்ளையை எங்கே விட்டுவிட்டு வருகிறோம் என்பது தெரியவில்லையா?

இங்கே கதவு திறந்தே இருக்கிறது. இப்போது அவள் அதைச் சாத்துவதில்லை. அவளை அனுப்ப மாட்டேன்.

அக்கா

ஜூன் 18

அன்புள்ள சின்னவளுக்கு,

மாமா எழுதுவது. டிக்கெட்டில் தேதி குறிப்பதைத் தவிர எனக்கு எழுதிப் பழக்கமில்லை. படகுத்துறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் அக்காவுக்குத் தெரியாது.

வீட்டில் சண்டை இல்லை, சத்தமும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. முதல் மாதம் வாய் ஓயாமல் பேசிய பிள்ளை, இரண்டு வாரமாக எது சொன்னாலும் 'சரி' என்கிறாள். பால் குடி என்றால் சரி. தூங்கு என்றால் சரி. முந்தாநாள் என்னிடம் வந்து, "பெரியப்பா, சின்னப் பசங்களைப் படகுல தனியா ஏத்துவாங்களா?" என்று கேட்டாள். "எங்கேம்மா போகணும்?" என்றேன். "சும்மா கேட்டேன்" என்று போய்விட்டாள்.

பிள்ளை என்னவோ மனதில் வைத்திருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. உன் பக்கம் நியாயமா, உன் அக்கா பக்கம் நியாயமா என்று சொல்ல நான் வரவில்லை. இது கடிதத்தில் தீராது. கிளம்பி வா.

மாமா

ஜூன் 22

அக்காவுக்கு,

பூட்டினேன். எழுதிவிட்டேன்.

முதல் நாள் பஸ் நிறுத்தம் வரை போய்விட்டுத் திரும்பி ஓடி வந்தேன். கதவில் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே அவள் தனக்குத்தானே ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். அந்தக் குரலை நம்பித்தான் வேலைக்குப் போனேன். அப்புறம் அதுவே பழகிவிட்டது. பழகியது அவளுக்கு மட்டுமில்லை, எனக்கும்தான்.

கை வெந்த அன்று நான் கதவைத் திறந்தபோது ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். "அஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்துட்டியேம்மா" என்றாள். தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். எப்படி நடந்தது என்று நர்ஸ் கேட்டார். நான் பக்கத்தில் இருந்தபோது நடந்தது என்று சொன்னேன். பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினாள்.

மறுநாள் லீவு போட்டேன். அதற்கு அடுத்த நாள் மறுபடியும் பூட்டினேன். உனக்குத் தெரியாதது அதுதான். நேற்று வரை இதை யாரிடமும் நான் சொன்னதில்லை.

நேற்று கம்பெனிச் சாப்பாட்டு அறையில் எல்லார் முன்னாலும் அதைச் சொல்லிவிட்டேன். லேபிள் ஒட்டுகிறவள் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு, "நான் ரெண்டு பேரைப் பூட்டிட்டு வரேன்" என்றாள். அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் இன்னொருத்தி. மணி அடித்த பிறகும் நாங்கள் எழுந்திருக்கவில்லை.

நான் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. இருபத்தேழாம் தேதி முதல் படகில் வருகிறேன். அவள் உன்னோடுதான் இருப்பாள் என்றால், அதை அவள் வாயால் என்னிடம் சொல்லட்டும். நீ எழுதி நான் வாசிக்க மாட்டேன்.

தங்கை

ஆகஸ்ட் 4

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். பள்ளிக்குப் போகிறாளா? சாப்பிடுகிறாளா? கேட்க எனக்கு உரிமை இல்லை, இருந்தும் கேட்கிறேன்.

ஐந்து வாரத்தில் நாலு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். இதைக் கிழிப்பதற்குள் மாமாவிடம் கொடுத்துவிடுவேன்.

நீ வந்த அன்று சுண்டெலி உன்னிடம் ஓடி வரவில்லை. மிஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். நீ தரையில் முட்டி போட்டு, "சுண்டு, அம்மாடி, வாடி" என்று கையை நீட்டினாய். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "பூட்டினதுக்குக் கோவமா? இனிமே பூட்டவே மாட்டேன்டி" என்று நீ அழுதாய். கடைசியில் கூட்டிப்போக நீ தூக்கிக்கொண்டபோதும் அவள் கை உன் கழுத்தைச் சுற்றவில்லை. அதற்குக் காரணம் பூட்டு இல்லை. எனக்குத் தெரியும். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். படகு கிளம்பும் வரை எனக்கு வாய் வரவில்லை.

ஜூன் முதல் வாரம். சீருடைக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். "அம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்டாள். "அம்மா வர மாட்டாடி. உன்னை எங்களுக்கே குடுத்துட்டா" என்றேன்.

அவள் அழவில்லை. அளவு நாடா மார்பைச் சுற்றி இருக்க, தூக்கின கையை இறக்காமல் அப்படியே நின்றாள். "நான் என்ன தப்பு பண்ணேன் பெரியம்மா?" என்று கேட்டாள். "ஒண்ணும் பண்ணலை" என்று சொல்லிவிட்டு அளவைக் குறித்துக்கொண்டேன். இருபத்தைந்தரை அங்குலம்.

அவளைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் இரண்டு வாரம் அவள் விருந்தாளியாக இருந்தாள். அப்புறம் அவள் செருப்புக்கு என்று வாசலில் ஓர் இடம் வந்தது. அப்புறம் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து சாயங்காலம் வீட்டுக்கு வருவது போல நினைக்க ஆரம்பித்துவிட்டேன். முந்நூறு பிள்ளைகளுக்குச் சீருடை தைத்தேன், ஒன்றுகூட என் வீட்டுக்கு வருவதில்லை. எழுபது நாள் ரொம்ப நீளம். கடன் வாங்கின பிள்ளை என்பது மறந்துபோகிற அளவுக்கு நீளம்.

அவளிடம் உண்மையைச் சொல்லிவிடு. என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்.

அக்கா

செப்டம்பர் 2

அக்காவுக்கு,

சுண்டு சுகம். நான் சுகம் என்று எழுதினால் மறுபடியும் ஒரு பொய் சேரும்.

உன் கடிதத்தை வாசித்ததும் கையில் இருந்த தம்ளரைச் சுவரில் எறிந்தேன். இங்கே வந்ததிலிருந்து அவள் தினமும் காலையில் தன் துணியெல்லாம் அலமாரியில் இருக்கிறதா என்று திறந்து பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்குக் கிளம்புவாள். ஏன் என்று தெரியாமல் அதட்டிக்கொண்டிருந்தேன். 'நான் உன் மேல கோவமா இல்லை' என்று ஏன் எழுதினாள் என்பதும் அன்றுதான் புரிந்தது.

அன்று சாயங்காலமே அவளை உட்கார வைத்துச் சொன்னேன். "நான் உன்னை யாருக்கும் குடுக்கலை. பெரியம்மா சொன்னது பொய்." என் முகத்தையே பார்த்துக் கேட்டாள்.

"ஏன் பொய் சொன்னாங்க?"

"உன்னை அனுப்ப மனசு வரலை. அதான்."

"நீயும் அந்த நர்ஸ்கிட்ட பொய் சொன்னியே, அது ஏன்?"

"பயமா இருந்துச்சுடி."

"பெரியவங்களுக்குக்கூடப் பயம் வருமா?"

"வரும்."

அப்புறம்தான் அழுதாள். இரண்டு மாதத்து அழுகை. தரையில் உட்கார்ந்து வாயைத் திறந்து கத்திக் கத்தி அழுதாள். பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்து கேட்டார்கள். அழட்டும் என்று சொல்லிவிட்டேன். அவள் கத்தி அழுது நான் கேட்டு ரொம்ப நாளாகிறது.

கம்பெனியில் பிள்ளைகளை வைத்துக்கொள்ள ஓர் அறை கேட்டோம். முடியாது என்றார் மேனேஜர். எப்போதும் ஒருத்தி பிள்ளைகளோடு இருக்கிற மாதிரி நாங்கள் ஐந்து பேர் ஷிஃப்டை மாற்றிப் போட்டிருக்கிறோம், அதில் மட்டும் அவர் குறுக்கே நிற்கவில்லை. வருகிற பத்து நாள் பள்ளி லீவில் ஏழு பிள்ளைகள், லேபிள் ஒட்டுகிறவள் வீட்டுக் கூடத்தில். நடக்குமா நடக்காதா என்று அப்போது தெரியும். பத்து நாள் ஓடிவிடும். அடுத்த கோடையின் எழுபது நாளுக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை.

கோபம் தீரவில்லை அக்கா. எப்போது தீரும் என்றும் தெரியாது. என் மேல் இருக்கிற கோபமும் உன் மேல் இருக்கிறதும் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன, பிரிக்கத் தெரியவில்லை. ஆனாலும் யோசித்துத்தான் எழுதுகிறேன். அவளை அங்கே அனுப்ப மாட்டேன். நீ இங்கே வா. ஒரு மாதம் இரு. நான் காலையில் வேலைக்குப் போவேன், மத்தியானம் திரும்பி வருவேன். என் கண் முன்னால் அவளோடு இரு. வர முடியுமா என்று யோசித்து எழுது. உடனே எழுத வேண்டாம்.

மாமாவுக்கு என் வணக்கம். முதுகைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

"பெரியம்மாவுக்கு ரெண்டு வரி எழுதுறியா?" என்று சுண்டுவைக் கேட்டேன். "மாட்டேன்" என்றாள். நான் வற்புறுத்தவில்லை. கடிதத்தை மடித்து உறையில் போட்டேன். அப்புறம் அவளாகவே வந்து உறையைப் பிடுங்கிக்கொண்டாள். "உன் கையெழுத்து தபால்காரருக்குப் புரியாதும்மா." இப்போது தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, நாக்கைத் துருத்தியபடி, உன் முகவரியை எழுத்து எழுத்தாக எழுதிக்கொண்டிருக்கிறாள். அவள் முடிப்பதற்குள் இந்தக் கடைசி வரிகளைத் தனித்தாளில் எழுதி வைக்கிறேன்.

தங்கை